யாழ்ப்பாணக் கோட்டைத் தேவாலயமும் நமது மௌனமும்

இத்தாலி சென்று திரும்பிய நண்பர் ஒருவர் அண்மையில் ஹெவ்லொக் டவுனில் உள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தார். அசிசி நகரின் புனித பிரான்சிஸ் தேவாலயப் படங்களைக் காட்டி வியந்தார். 1228இல் கட்டத் தொடங்கப்பட்ட ஆலயம் அது. 1997இல் நிலநடுக்கத்தால் மேல்வளைவுகள் இடிந்து நால்வர் மாண்டனர், சுவரோவியங்கள் நொறுங்கின. அம்மக்கள் சிதறிய துண்டுகளைப் பொறுக்கியெடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

"நம்மிடம் இப்படி என்ன இருக்கிறது?" என்றார் நண்பர். அவர் யாழ்ப்பாணத்தவர் என்பதுதான் வேதனை.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவில் எழுப்பிய தேவாலயம் இருந்தது. 1990 முற்றுகையிலும் அதன் பின்னரும் அது இடிந்தது. இதில் போரிட்ட இரு தரப்பாருக்கும் பங்குண்டு. 2010 முதல் நெதர்லாந்தின் உதவியுடன் கோட்டை சீரமைக்கப்பட்டது. மதில்களுக்குக் கிடைத்த கவனம் தேவாலயத்துக்குக் கிடைக்கவில்லை. நான் கடைசியாகச் சென்றபோதும் கண்டது கற்குவியலையே.

"அந்நியன் கட்டியது, போனால் போகட்டும்" என்போர் நம்மிடையே உண்டு. நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டதை அவர்கள் நினைவூட்டுவார்கள். அதை இடித்தவர்கள் போர்த்துக்கேயர். 1658இல் அவர்களை விரட்டியவர்களே ஒல்லாந்தர். ஒல்லாந்தரும் சைவத்தை ஒடுக்கினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், 'ஊழியம்' என்ற பெயரில் அவர்களுக்குக் கட்டாய வேலை செய்தவர்கள் நம் முன்னோர். அந்தக் காலத்துக்குச் சாட்சியாக நின்ற கட்டடத்தை அழியவிட்டால், அவர்கள் பட்ட பாட்டின் சாட்சியமும் சேர்ந்தே அழியும்.

கோட்டைக்கு அருகிலேயே யாழ் பொது நூலகம் நிற்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட அது புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. நூலகத்துக்காக உலகத்திடம் நீதி கேட்ட நமக்கு, அயலில் கிடக்கும் கற்களைப் பற்றிப் பேசாதிருக்கும் உரிமை இல்லை. இங்கே கொட்டாஞ்சேனையில், 1757இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அதனால் யாருடைய தமிழும் சைவமும் குறைந்துவிட்டன?

அசிசியைப் போல முழுவதையும் எழுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. எஞ்சிய கற்களை எண்ணிப் பதியுங்கள். எஞ்சிய சுவர்களை அளந்து வரையுங்கள். கட்டியவர் யார், இடித்தவர் யார் என்பதை ஒளிக்காமல் தமிழில் எழுதி வையுங்கள். தொல்லியல் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மட்டுமல்ல, போர்ச்செய்தி எழுதிய கையால் இதை எழுதத் தவறிய என்போன்ற பத்திரிகையாளருக்கும் இந்தக் கடமை உண்டு.