மூலிகை மருந்து எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா?

“பச்சிலை மருந்துதானே, என்ன செய்யப் போகிறது?” என்று நாம் சொல்வது வழக்கம். ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த நாட்களில் மல்லிக் குடிநீரும் வெந்தயமும் மருந்தெண்ணெயும்தான் எமக்குக் கைகொடுத்தன. நாட்டு வைத்தியத்தைக் குறை கூறுவது எமது நோக்கமல்ல. ஆனால், அதைப் பாவிப்பவர்கள் ஒரு விடயத்தை அறிந்திருக்க வேண்டும்.

செடிகளின் விதையிலும் இலையிலும் மகரந்தத்திலும் புரதங்கள் உண்டு. சிலருடைய உடல் அவற்றைப் பகையாக எண்ணி எதிர்க்கிறது. இதுவே ஒவ்வாமை. முதல் தடவை ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, அடுத்த தடவை சிறிதளவு பட்டாலே பொங்கி எழும்.

வெந்தயத்தைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ள ஒரு பெண் பொடுகுக்காக வெந்தயத்தை அரைத்துத் தலையில் பூசியபோது முகம் வீங்கி மூச்சிழுத்ததை இந்திய வைத்தியர்கள் 1997இல் மருத்துவ ஏடொன்றில் பதிவுசெய்தார்கள். வெந்தயமும் கச்சானும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் புரதங்களும் ஒத்தவை. ஆகவே கச்சான் ஒத்துக்கொள்ளாதவருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமற் போகலாம். எள்ளு ஒத்துக்கொள்ளாதவர் நல்லெண்ணெயில் காய்ச்சிய மருந்தெண்ணெயிலும் கவனமாக இருக்க வேண்டும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் எள்ளின் புரதம் சிறிது தங்கியிருக்கும்.

ஊரில் இருந்த பரியாரியார் எங்கள் குடும்பங்களைத் தலைமுறையாக அறிந்தவர். யாருக்குத் தொய்வு, யாருக்கு எது ஆகாது என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது. இடம்பெயர்ந்தபோது காணியோடும் கிணற்றோடும் அந்த அறிவையும் விட்டுவிட்டு வந்தோம். புதிய இடத்து வைத்தியருக்கு எம்மைத் தெரியாது. சந்தையில் வாங்கும் சூரணத்தில் எத்தனை சரக்குகள் கலந்துள்ளன என்பது எமக்கும் தெரியாது.

எனவே, இழந்த அந்த அறிவை நாமே எழுதி வைக்க வேண்டும் என்பதே எமது கருத்து. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒத்துக்கொள்ளாத உணவு, மருந்து எவை என்பதைக் கிளினிக் கொப்பியில் குறித்து வையுங்கள். ஆங்கில வைத்தியரானாலும் சித்த வைத்தியரானாலும் அதைக் காட்டுங்கள். சேர்மானம் எழுதப்படாத பைக்கற்றுகளை வாங்காதீர்கள். சேர்மானம் முழுவதையும் தமிழில் அச்சிடும்படி கேட்பது எமது உரிமை. சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் அந்தக் குரலுக்குப் பலம் உண்டு.

மருந்து பாவித்துச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணித்தியாலங்களிலோ உடல் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அவ்வேளையில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசியே. பாவித்த மருந்தையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

நல்ல பரியாரி ஆளைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். அந்த நிதானம் எம்மிடமும் இருக்கட்டும்.