எழுத்தைப் பூட்டி வைக்காதீர்கள்

கோயில் மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், குடும்ப வரலாறு என்று நம் பக்கத்தில் ஏதாவது அச்சாகிக்கொண்டேதான் இருக்கிறது. புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கும். அதை அச்சுக்கோத்த கணினிக் கோப்பு எங்கே? இருந்தாலும் திறக்குமா? இதை நாம் கேட்பதே இல்லை. பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

2002-ல் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவந்தோம். மறுபதிப்புக்காக அந்தக் குறுந்தகட்டை நாகர்கோவிலில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்தோம். திறந்தால் தமிழ் ஒரு வரி இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. 160 பக்கமும் மறுபடி தட்டச்சு செய்தோம். கூலி இரண்டு தடவை, புதுப் பிழைகள் இலவசம்.

காரணம் எளிது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அ' உட்கார்ந்திருக்கும், 'கே' இடத்தில் 'ம'. கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. எழுத்துரு போனால் மொழியும் போச்சு. பேஜ்மேக்கரோ 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

"காலம் மாறினால் மென்பொருளும் மாறத்தானே செய்யும்" என்பார்கள். மாறட்டும். பழையதைக் கைவிட்டுத்தான் மாற வேண்டுமா?

'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பாருங்கள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத், தம் நூலின் மறுபதிப்பு அச்சுப்படி பிடிக்காமல் 1977-ல் தாமே செய்ய இறங்கியது. 1989-ல் அது கையாளும் எழுத்துகள் 128-லிருந்து 256 ஆயின. மறுவருடமே, பிழை திருத்துவது தவிர இனி எதையும் தொடமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். விலை கிடையாது. யாரும் எடுத்து விரிவாக்கலாம். மாற்றியதற்கு 'டெக்' என்ற பெயரை மட்டும் வைக்கக்கூடாது.

அப்படியே விரிந்தது. 1996-ல் ஈ-டெக் வந்தது. பழைய கோப்பைக் கொடுத்தால் பழையபடியே நடக்கும். ஹான் தே தான் என்ற வியட்நாமியர் நேரே பி.டி.எஃப். எடுக்க வழி செய்தார். 2004-ல் ஜொனாதன் கியூ செய்த ஸீ-டெக் யுனிகோடைப் படித்தது. தமிழைத் தமிழாகவே கொடுத்து அச்சுக்கோக்க முடிந்தது. பிறகு லுவா-டெக். நம் தோவாளையில் மாலை நீளுவதுபோல, கட்டின நாரை அறுக்காமல் மேலே மேலே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இது எங்கோ வெள்ளைக்காரர் சமாச்சாரமும் அல்ல. இந்திய டெக் பயனர் குழு 1998-ல் தொடங்கியது திருவனந்தபுரத்தில். உலக டெக் மாநாடு 2002-லும் 2011-லும் நடந்ததும் அங்கேதான். இங்கிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

டெக் கற்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கு அது வேண்டாம். எல்லோரும் அதைப் படியுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் 1991-ல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. இன்னமும் "பழைய எழுத்துருதான் கைக்குப் பழக்கம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவர் பழக்கத்துக்கு நம் ஊர் வரலாற்றை ஏன் பலி கொடுக்க வேண்டும்?

அடுத்த மலருக்கு முன்பணம் கொடுக்கும்போது இரண்டே நிபந்தனை போடுங்கள். ஒன்று, யுனிகோடில்தான் தட்டச்சு. இரண்டு, பி.டி.எஃப். மட்டும் போதாது, மூலக் கோப்பும், தனியாக வெறும் எழுத்தாக ஒரு பிரதியும் நம் கையில் தர வேண்டும். முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். எழுதியது நாம், காசு கொடுத்ததும் நாம். சாவி மட்டும் ஏன் இன்னொருவர் மடியில்?