மெயிலில் போன ஃபைலும் ஏற்றுமதிதான்! ஆராய்ச்சி மாணவர்கள் கவனிக்காத ஸ்கோமெட் விதி

விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் இருக்கிற மங்கலம்பேட்டையில் நின்னு 'ஏற்றுமதி'ன்னு சொன்னா, கண்டெய்னர் லாரியும் துறைமுகமும்தான் ஞாபகத்துக்கு வரும். பக்கத்து ஊரான விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் போனது. செராமிக் தொழில்நுட்பம் படிக்க அரசுக் கல்வி நிறுவனமும் அங்கே இருக்கு. இங்கிருந்து பஸ் ஏறிப்போய் அங்கே படித்த ஒரு மாணவர், நாளைக்குப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சிக்குச் சேர்கிறார்னு வெச்சுக்குவோம். அவர் வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பும் ஒரு ஃபைல்கூட ஏற்றுமதியாகலாம்.

பீங்கானில் அப்படி என்ன இருக்கு?

டீ கப், அகல் விளக்கு, பொம்மைக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆனா ஏவுகணையின் முனைக்கு ஆகிற சிலிக்கான் கார்பைடு கலந்த பீங்கான், ரேடார் மூடிக்கான பீங்கான் கலவை ஆகியவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருபவை. அந்தப் பட்டியலின் பெயர்தான் 'ஸ்கோமெட்'. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளியிடுகிறது. பொருள் மட்டுமல்ல, அதைச் செய்யும் தொழில்நுட்பமும் இதில் அடக்கம். எத்தனை டிகிரியில், எந்த அழுத்தத்தில் சுடணும் என்கிற குறிப்பு மெயிலில் போனாலும் அனுமதி தேவைப்படலாம்.

கல்பாக்கம் பட்ட பாடு

இந்த விதியின் மறுபக்கத்தைத் தமிழ்நாடு நல்லாவே பார்த்திருக்கு. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தை அமெரிக்கா தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. அங்கிருந்து கருவி வாங்கணும்னா உரிமம் வேணும், அது கிடைப்பது குதிரைக்கொம்பு. 2025 ஜனவரியில்தான் பெயர் நீக்கப்பட்டது. இதற்கிடையே 2016 முதல் 2018 வரை ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு, வாஸனார், ஆஸ்திரேலியா குழு என வரிசையாக இந்தியா சேர்ந்தது. தடைக்கு ஆளான நாடு, இப்போ கட்டுப்படுத்தும் நாடுகளில் ஒன்று.

பேராசிரியருக்குச் சிறை

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத், விமானப்படைக்கான ட்ரோன் ஆய்வுத் தகவல்களைச் சீன, ஈரானிய மாணவர்களிடம் பகிர்ந்ததற்காக 2009-ல் நான்கு ஆண்டு தண்டனை பெற்றார். மாணவர்கள் இருந்தது அவருடைய சொந்த ஆய்வகத்திலேயே!

நம்மூரிலும் 2005-ம் ஆண்டின் பேரழிவு ஆயுதச் சட்டம் இதைத் தொடுகிறது. மத்திய அரசு அதற்கென அறிவிக்கை செய்த தொழில்நுட்பத்தை, இந்தியாவில் படிக்கும் அல்லது ஆராய்ச்சி செய்யும் வெளிநாட்டவருக்குக் கொடுத்தாலும் குற்றம்தான்.

அப்போ கட்டுரையே எழுதக் கூடாதா?

தாராளமா எழுதலாம். ஏற்கெனவே பொதுவெளியில் இருப்பதும், அடிப்படை அறிவியல் ஆய்வும் கட்டுப்பாட்டுக்குள் வராது. சிக்கல் நடுவில் இருப்பதில்தான்: அச்சேறாத செய்முறை, கருவியின் வரைபடம், மென்பொருள். இதை அனுப்பலாமான்னு மாணவர் யாரைக் கேட்பார்? கைடுக்கே தெரியலைன்னா? சட்டத்தைவிட இந்தக் கேள்விதான் பெரிய ஓட்டைன்னு நமக்குத் தோணுது. கூட்டு ஆய்வு ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் அலுவலகமே, பட்டியலைப் பார்த்துச் சொல்ல ஒருவரை நியமிச்சா பாதிப் பிரச்சினை தீரும். சந்தேகம் இருந்தால் அனுப்பும் முன்பே இயக்குநரகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கணும். வாங்குபவர் யார், எதற்குப் பயன்படுத்துவார் என்ற விவரம் அதில் கட்டாயம் கேட்பார்கள்.