பட்டியலுக்குக் கையெழுத்து வேண்டாமா?

சென்ற ஆண்டு புரோ கபடி ஏலத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு ஓடி வந்தான். பதினெட்டு முடிந்தவன், பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவன். ஒரத்தநாடு பக்கம் தை, மாசி மாத இரவுகளில் நடக்கும் போட்டிகளில் அவன் பாடிப் போவதை நானும் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். நல்ல வேகம். காலில் ஒரு துள்ளல்.

"தாத்தா, என் பேரு வந்திருக்கு. முப்பத்தோராவது இடம்!"

யாரோ போட்ட வீடியோ. ஏலத்தில் கவனிக்க வேண்டிய தமிழ்நாட்டு இளம் வீரர்கள் ஐம்பது பேர் என்று தலைப்பு. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண், ஒரு படம், பின்னால் இடி முழக்கம் போல ஓர் இசை. அன்று சாயங்காலம் அவன் அம்மா தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். எனக்கும் வந்தது. சர்க்கரை வியாதியை மறந்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே ஆசாமி 'புதுப்பித்த பட்டியல்' என்று ஒன்று போட்டார். அதில் பையன் இல்லை.

"எடுத்துட்டாங்க தாத்தா."

"யாருடா எடுத்தது?"

"தெரியல."

"எதுக்கு எடுத்தாங்க?"

"தெரியல தாத்தா."

ஏலம் முடிந்தது. எந்த அணியும் அவனைக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் யாரை எடுப்பது என்பது அவர்கள் பாடு. என் கோபம் வேறு. அந்த மூன்று வார இடைவெளியில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், விடுதிச் சாப்பாட்டோடு. முப்பத்தோராவது இடத்து வீரனுக்குக் கல்லூரி எதற்கு என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். சேர வேண்டிய தேதி போய்விட்டது. இன்று அவன் நெல் அறுக்கும் மெஷினோடு ஊர் ஊராகப் போகிறான். மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

பட்டியல் என்றாலே ஆகாதவன் நான் என்று வாசக நண்பர்கள் நினைத்துவிட வேண்டாம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக வாழ்நாளில் பாதியைப் பட்டியல் போட்டே கழித்தவன். சீனியாரிட்டி லிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் முதுநிலைப் பட்டியல் ஒன்று அலுவலகத்தில் சுற்றுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. ஓர் இடம் மேலே, ஓர் இடம் கீழே என்பதில் ஒருவருடைய பதவி உயர்வு, ஓய்வூதியம், மகள் கல்யாணம் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் தற்காலிகப் பட்டியல். அதில் ந.க. எண், நாள், அதிகாரியின் கையொப்பம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பணியில் சேர்ந்த தேதி. ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் இறுதிப் பட்டியல். இதிலும் தில்லுமுல்லு நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் யார் போட்டது, எதை வைத்துப் போட்டது என்று கேட்க ஓர் இடம் இருந்தது.

இன்னும் பின்னால் போனால் பள்ளிக்கூடம். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மாதம் ஒரு முறை 'கிளாஸ்மான்' வாசிப்பார்கள். முதல் மாணவனில் தொடங்கிக் கடைசி மாணவன் வரை, வகுப்பு முழுக்கக் கேட்க, உரக்க. கொடுமையான வழக்கம். கடைசிப் பெயர்கள் வரும்போது பையன்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் விடைத்தாள் கைக்கு வந்துவிடும். சொல்வதை எழுதுதலில் ஐந்து பிழை என்றால் சுழி. அந்த ஐந்தும் எங்கே என்று சிவப்பு மையில் கோடு போட்டிருக்கும். ஓரத்தில் ஆசிரியரின் ஒரு வரி. அடி வாங்கினோம், எதற்கு என்று தெரிந்து வாங்கினோம். தெருக்கோடிப் பையனுக்கு அந்தச் சிவப்பு மைகூடக் கிடைக்கவில்லை.

இந்தப் பட்டியல்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு? பணம். 2014இல் புரோ கபடியின் முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். எட்டே ஆண்டில், 2022 ஏலத்தில், பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. ஏ, பி, சி, டி என்று வீரர்களைத் தரம் பிரிக்கிறார்கள். ஏ பிரிவுக்கு அடிப்படை விலையே 30 லட்சம். இதைக் கேட்ட எந்த டெல்டா கிராமத்துப் பையனுக்கும் தலை சுற்றத்தான் செய்யும். அந்தச் சுற்றலில் கடை விரிப்பவர்கள்தான் இந்தப் பட்டியல்காரர்கள்.

சரி, பட்டியலும் விலையும் சொன்னபடி ஆட்டம் நடக்கிறதா? அதே 2022ஐப் பாருங்கள். அக்டோபரில் பெங்களூரில் தலைவாஸின் முதல் ஆட்டம். பவனுக்கு முழங்காலில் அடி. சீசன் முழுவதும் வெளியே. 2.26 கோடியும் பெஞ்சில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், இந்த வருஷமும் கடைசி இடம் என்று நாங்கள் டீக்கடையில் முடிவு கட்டிவிட்டோம். அந்த ஆண்டுதான் அறிமுகமான நரேந்தர் என்ற ஹரியானாப் பையன் பாடிப் பாடி 240 புள்ளிகளுக்கு மேல் எடுத்தான். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

பர்தீப் நர்வாலின் கதை இன்னும் சுவையானது. 2015இல் பெங்களூர் அணியில் அறிமுகம். அங்கே அதிகம் ஆடவிடவில்லை, அடுத்த சீசனில் விட்டுவிட்டார்கள். பாட்னா எடுத்துக்கொண்டது. 2017இல் ஒரே சீசனில் 369 ரைடு புள்ளிகள். மொத்தத்தில் 1,800ஐத் தாண்டிய மனிதர். அவரையே 2025 ஏலத்தில் எந்த அணியும் எடுக்கவில்லை, ஓய்வை அறிவித்தார். வரும்போதும் கணிப்பு தவறியது, போகும்போது ஒரு வணக்கம்கூட இல்லை.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். தர்மராஜ் சேரலாதன். வலது கார்னரில் நின்று பிடிக்கிறவர். 2016இல் பாட்னா அணி கோப்பையை வென்றபோது அதன் தலைவர் அவர்தான். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நம்பிக்கை நட்சத்திரங்கள் என்று எவர் போட்ட பட்டியலிலும் நாற்பது வயது கார்னர்காரருக்கு இடம் இருந்திருக்காது. ஏனென்றால் பிடிக்கிறவனின் வேலை அரை நிமிட வீடியோவில் தெரியாது. பாடி வருகிறவன் எப்போது கால் நீட்டுவான் என்று காத்திருப்பது, பக்கத்தில் கவரில் நிற்கும் தம்பி தயாரா என்று கைவிரலாலேயே அறிவது, அவசரப்பட்டுப் பாய வேண்டிய இடத்தில் பாயாமல் இருப்பது. இதை எந்த எண்ணில் எழுதுவீர்கள்? எழுத முடியாததால்தான் பட்டியல்களின் மேல்பாதி முழுக்கப் பாடிப் போகிறவர்களாக இருக்கிறார்கள்.

"பட்டியல் வேண்டாமென்றால் பழைய சிபாரிசுதான் வரும் சார், அது தேவலையா?" என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. தேர்வுக் குழுக்காரரின் மருமகன் ஆடிய காலத்தைப் பார்த்தவர்கள்தானே நாம். ஏலம் வந்த பிறகு, திறமை இருந்தால் விலை உண்டு என்ற நிலை ஓரளவு வந்திருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வித்தையில் பழம் தின்று கொட்டை போட்ட அமெரிக்கர்களைப் பாருங்கள். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தில் 1965 முதல், பள்ளி கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நடக்கிறது. அதற்கு முன் மாதக்கணக்கில் பட்டியல் மேல் பட்டியல். 1988இல் மைக் பியாசா என்ற பையன் 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டான். அதுவும் அப்பாவின் நண்பரான பயிற்சியாளர் சொன்னதற்காக. சாட்சாத் சிபாரிசு! 2016இல் அவருக்கு அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கௌரவமான புகழரங்கத்தில் இடம் கிடைத்தது. இதனால் சிபாரிசு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பியாசாவுக்கு அப்படி ஓர் அப்பா இருந்தார். பட்டியலில் விட்டுப்போன மற்றவர்களுக்கு இல்லை. அவர்களுடைய கதை யாருக்கும் தெரியாது.

அங்கேயும் கணிப்பு தவறுகிறது. ஆனால் ஒன்று உண்டு. அணிகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறவர் 20 முதல் 80 வரை மதிப்பெண் போட்டு, எங்கே எப்போது பார்த்தேன், என்ன குறை என்று எழுதித் தன் பெயரையும் போடுகிறார். தவறினால் அவர் பிழைப்பு போகும். நம் வீடியோக்காரருக்கு என்ன போகும்? அடுத்த வருஷம் இன்னொரு ஐம்பது பேர்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டியல் போடுகிறவர் பெயரைப் போடட்டும். ஒவ்வொரு பையனையும் எந்த மைதானத்தில் எத்தனை ஆட்டம் பார்த்தார் என்று எழுதட்டும். பெயரை நீக்கினால் காரணம் சொல்லட்டும், பையனின் பயிற்சியாளர் பதில் சொல்ல ஓர் இடம் வைக்கட்டும். போன வருஷப் பட்டியலையும் பக்கத்திலேயே போட்டு, அதில் எத்தனை பேர் என்ன ஆனார்கள் என்று காட்டட்டும். இதைச் செய்ய முடியாதவர் பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு எண் ஒட்டும் வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்து பிழைக்கட்டும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் நம் வடுவூர் அபினேஷ் இருந்தார். வடுவூரில் கபடி எப்படி ஊறிக் கிடக்கிறது என்று மன்னார்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சாயங்காலம் மைதானத்தில் நின்று பிள்ளைகளை ஆட்டிவைக்கிறவர்களைக் கேளுங்கள். எந்தப் பையனுக்கு முழங்கால் வீக்கம், எவன் தோற்ற மறுநாளும் முதல் ஆளாக வந்து நிற்கிறான் என்று சொல்வார்கள். அவர்கள் எண் போட மாட்டார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் ஆகணும்" என்பார்கள். அந்த இரண்டு வருஷத்துக்கும் சோறு போட்டுப் படிக்கவைக்கிற இடம்தான் கல்லூரி ஒதுக்கீடு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளை இப்படிக் கைபேசியோடு ஓடி வந்தால், கற்கண்டை வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே கல்லூரியில் சேரக் கடைசித் தேதி எது என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போனேன். அந்தக் குறை எனக்கும் உண்டு.

இந்த வருஷ விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து தருகிறேன், சான்றிதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு வா என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம் தாத்தா" என்றான். மெஷின் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போயிருக்கிறதாம். திரும்பி வரட்டும், மறுபடியும் சொல்வேன்.