கடிகாரத்தோடு ஒரு பந்தயம்

மிதிவண்டிப் பந்தயம் என்றவுடன், நம் சங்கங்கள் இளைஞர் அனைவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதிவிடுகின்றன. முதல் திருப்பத்திலேயே சிலர் விழுந்து எழுகின்றனர். இதற்கு மாற்று உண்டு. 1895இல் இங்கிலாந்தில், சாலைப் பந்தயங்களுக்கு எதிர்ப்பு வலுத்த வேளையில், பிட்லேக் என்பார் வீரர்களை ஒருவர்பின் ஒருவராக அனுப்பி, அவரவர் நேரத்தைத் தனியே கணிக்கும் முறையைக் கொணர்ந்தார். 1989இல் 3,285 கிலோமீட்டர் நீண்ட பிரான்சுச் சுற்றுப் பந்தயமே, இறுதிநாள் நடந்த இத்தகைய ஓட்டத்தால் எட்டே வினாடியில் முடிவாயிற்று.

புதுவையில் இதை நடத்த விழைவோர் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் புறப்படுவது நன்று. பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை எனச் சுற்றினால் திருப்பங்கள் யாவும் இடப்பக்கமே. எதிர்வரும் வண்டிகளின் குறுக்கே செல்ல நேராது. காவல்துறையின் அனுமதியே முதல் வேலை. ஞாயிறு வேண்டாம். சுப்பையா சாலையில் இருதய ஆண்டவர் பசிலிக்காவின் காலைப் பூசைக்கு வருவோரை நாம் மறக்கலாமா? கடற்கரையில் உலாவுவோரும் மிகுதி. தொண்டர்களை அங்கே கூடுதலாக நிறுத்துக.

ஒரு நிமிட இடைவெளி போதும். பிந்தி வருபவருக்காகக் கடிகாரம் காத்திராது; அவருடைய இழப்பு அவருடையதே. முன்செல்பவரின் முதுகுக்குப் பின் காற்றுக்கு ஒதுங்குதலும் கூடாது. நேரம் குறிப்போர் இருவர் தனித்தனியே எழுதுக. கியர் வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் ஒரே பட்டியல் வைப்பது அநீதி என்பது நம் கருத்து. பால்காரரின் மகன் தந்தையின் வண்டியிலேயே வரக்கூடும். கடைசி ஆள் வரும்வரை மேசையை மடக்காதீர்கள். அவர் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.