உப்பளத்து இளைஞர்களின் பாதத்தையும் பாருங்கள்

தோல் புற்றுநோய் வெள்ளைத் தோலுக்கு வரும் நோய் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. நம் தோலின் மெலனின் நிறமி புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுப்பதால், இந்தியாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் இதன் பங்கு மிகச் சிறியது. ஆனால், அந்த ஆறுதலை நம்பி தமிழகக் கடலோரத்து மரக்காணம் உப்பளங்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது.

வெயில் ஏறினால்தான் உப்பு விளையும். மழை பெய்தால் கூலி இல்லை. ஆகவே வெயிலுக்கு ஒதுங்குங்கள் என்ற அறிவுரை இங்கே செல்லாது. தலையில் துண்டு, புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை என்று தொழிலாளர்கள் தங்களால் ஆனதைச் செய்துகொள்கிறார்கள். ஆனால், பாத்தியின் நீரும் வெண்மையான உப்பும் கீழிருந்தும் ஒளியைத் திருப்பியடிக்கின்றன. தலைத்துண்டால் அதைத் தடுக்க முடியாது. கண்ணில் சதை வளர்வதற்கும் புரை விழுவதற்கும் புறஊதாக் கதிர் ஒரு காரணம் என்பது மருத்துவம் அறிந்ததுதான்.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்ததால் நேர்ந்தது. 2019இல் மட்டும் இப்படிச் சுமார் 19,000 பேர் இறந்தார்கள். இருபது வயதில் பாத்தியில் இறங்குபவரின் தோலில் சேரும் பாதிப்பு, நோயாக வெளிப்பட முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அப்போது அதை உப்பளத்தோடு சேர்த்துப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கறுத்த தோலில் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. இதற்கு வெயில் காரணமல்ல. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981இல் 36 வயதில் இறந்தார். நெடுநாள் ஆறாத புண்ணிலும் பழைய தீத்தழும்பிலும் வேறொரு வகைப் புற்றுநோய் உருவாகக்கூடும். உப்புநீரில் வெடித்துப் புண்ணாகும் பாதங்களை ‘உப்பு அரித்த கால்தானே’ என்று விட்டுவிடும் இடத்தில் இவையெல்லாம் எளிதில் மறைந்துபோகும். சன்ஸ்கிரீன் பூசச் சொல்லும் பிரசாரம் இந்தக் கால்களைப் பார்ப்பதே இல்லை.

ஆஸ்திரேலியா 1981இல் தொடங்கிய வெயில் பாதுகாப்புப் பிரசாரத்தின் பலனாக அங்கே இளைஞர்களிடையே மெலனோமா குறைந்தது. தொப்பியைப் பள்ளி விதியாக்கியதும், விளையாட்டுத் திடல்களில் நிழல் அமைத்ததும் அதில் சேர்த்தி. வெயிலை ஒவ்வொருவரின் சொந்தப் பொறுப்பாக அந்நாடு விட்டுவிடவில்லை.

தமிழக அரசு உப்பளக் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. நல்ல தொடக்கங்கள். ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் உப்பளத்துக்கும் வரவேண்டும். வரும்போது ரத்த அழுத்தத்தோடு பாதம், நகம், கண் மூன்றையும் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு டார்ச் விளக்கும் பயிற்சி பெற்ற செவிலியரும் போதும். பாத்தியோரத்தில் நிழல் கொட்டகையும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் தருவது உப்பள உரிமையாளர்களின் கடமை.

உங்கள் வீட்டில் உப்பளத்துக்குப் போகிறவர் இருந்தால், அவர் காலை இன்றே பாருங்கள். வாரக்கணக்கில் ஆறாத புண், பெரிதாகிவரும் கரும்புள்ளி, நகத்தடியில் அகலமாகும் கறுப்புக் கோடு எது தெரிந்தாலும் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது.