வரைபடத்தில் இல்லாத குகைகள்
1948-இல் தேனியை அடுத்த மேகமலையில் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவாலை வேறோர் இனமென்று எண்ணி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அது தனிப் பேரினமென்று கண்டு, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அது வேறெங்கே வாழக்கூடும் என்று இன்று கணினி மாதிரியால் கணிக்கலாம்; கண்ட இடங்களின் மழை, வெப்பம், உயரத்தைக் கொடுத்தால், அவற்றை ஒத்த மலைச்சரிவுகளை மாதிரி வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டும். நல்ல கருவிதான். ஆனால் இந்த வௌவால் பகலில் அடைவது குகைகளில்! எந்தச் சரிவில் குகை உண்டென்று மழைக்கணக்குக்குத் தெரியாது. வண்ணம் விழாத காட்டில் வௌவாலே இல்லையென்று எழுதி, சாலைக்கோ அணைக்கோ அனுமதி தருவது பெருந்தவறு. மலையை அறிந்த பழங்குடிகளான பளியர்களோடும் காணிக்காரர்களோடும் நடந்து, வலை விரித்துப் பார்த்த பிறகே அந்த வரைபடம் வனத்துறையின் மேசைக்குப் போகவேண்டும்.